சாப்பிட்ட தட்டும் அடிப்பிடித்த சட்டியும்

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் ஏதாவது ஓர் அரசுப் பள்ளிக்கு, மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கால் மணி நேரம் கழித்துப் போனால் குழாயடியில் பிள்ளைகள் முண்டியடித்து நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு கையிலும் ஒரு தட்டு. ஒட்டியிருக்கும் பருக்கையை வழித்துப் போட்டு, நாலு விரலால் ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீரில் அலசி, உதறிக்கொண்டே ஓடுவார்கள். பையன், பெண்பிள்ளை என்ற பேதம் அங்கே கிடையாது. மொத்தமும் அரை நிமிட வேலை. எட்டு வயதுப் பையனுக்கு அது சிரமமாகவும் தெரிவதில்லை, கௌரவக் குறைச்சலாகவும் தெரிவதில்லை.

அதே பையன் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். ராத்திரி சாப்பிட்ட வட்டிலிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிறான். "ஏலே, வட்டில எடுத்து அங்கணத்துல போட்டுட்டுப் போலே" என்று அம்மா சொன்னால், "அக்காவ எடுக்கச் சொல்லு" என்று தெருவிலிருந்து பதில் வருகிறது. ஆச்சியும் பேரனுக்குத்தான் பரிந்து பேசுவாள்: "ஆம்பளப் பிள்ளையப் போயி ஏனம் எடுக்கச் சொல்லுதியே தாயி." கடைசியில் அக்காதான் எடுக்கிறாள். அவளும் அன்றைக்கு மதியம் அதே குழாயடியில் தம்பியோடு நின்றவள்.

ஆம்பளைப் பிள்ளைக்குப் பாத்திரம் விளக்க வராது என்று வீடுகளில் சொல்லப்படுவது உண்மை இல்லை. அவனுக்கு வரும். மதியம் பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கத்தை ராத்திரி வீடு அழித்துவிடுகிறது, தினம் தினம், பத்து வருஷத்துக்கு. அப்புறம் கல்யாணமாகும்போது அவனுக்கு நிஜமாகவே கை வராது.

பள்ளியில் சோறு போடும் வழக்கத்துக்கும் இந்தக் கரிசல் மண்ணுக்கும் பழைய உறவு. 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது பக்கத்து வட்டமான எட்டயபுரத்தில், பாரதி பிறந்த ஊரில். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. ஆக, மூன்று தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியில் உண்டு, தாங்கள் சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவி வளர்ந்த பூமி இது. இன்றைக்கு ஐம்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்து மகனுக்கு வக்காலத்து வாங்கும் தகப்பனும் ஒரு காலத்தில் அடிபம்பு முன்னால் தட்டோடு நின்றவர்தான்.

பாத்திரம் விளக்குவது எல்லா ஊரிலும் ஒரே வேலையாக இருப்பதில்லை. ஆற்றுப் பாசன ஊரில் வாய்க்காலில் இறங்கி அலசிக்கொண்டு வந்துவிடலாம். கரிசல் காட்டில் முதல் கணக்கே தண்ணீர்க் கணக்கு. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். ஈரத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் மண், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கோவில்பட்டி நகரத்துக்கே தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரவேண்டியிருக்கிறது. கிராமங்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. அதனால் வீட்டில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து கிடக்கும்: நல்ல தண்ணி குடிக்கவும் உலை வைக்கவும், உப்புத் தண்ணி ஏனம் விளக்கவும் புழங்கவும்.

உப்புத் தண்ணியில் விளக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படிந்துவிடும். பளபளவென்று கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தம்ளர் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பூத்து நிற்கும். விருந்தாள் வந்துவிட்டால் அவசர அவசரமாக முந்தானையால் ஒரு துடைப்பு. ஓய்ந்த நேரத்தில் புளியைப் போட்டு இன்னொரு தேய்ப்பு.

பாத்திரம் கழுவ எவ்வளவு தண்ணீர் ஆகும் என்று ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்தவர்களிடம் 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கொடுத்து, கையால் கழுவச் சொன்னார்கள். சராசரியாகச் செலவான தண்ணீர் 100 லிட்டருக்கும் மேல்; நேரம் ஒரு மணிக்கும் மேல். 100 லிட்டர் என்றால் நம் பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய ஏழு குடம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வகுத்திருப்பதே 55 லிட்டர்தான்.

கரிசல் பெண் ஒரு வேளை ஏனத்தை ஒன்றரைக் குடத்தில், மிஞ்சினால் இரண்டு குடத்தில் முடித்துவிடுவாள். எப்படி என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். பருக்கையையும் குழம்பு மிச்சத்தையும் முதலில் வழித்து மாட்டுக்கான கழுநீரில் போடுவாள். பிறகு தண்ணீரே ஊற்றாமல், ஈரக் கையில் சாம்பலையோ சபீனாவையோ தொட்டு, நார் கொண்டு எல்லாவற்றையும் தேய்த்து ஒருபக்கம் அடுக்குவாள். எண்ணெய் இல்லாத தம்ளர், செம்பு முதலில், வட்டில்கள் அடுத்து, குழம்புச் சட்டியும் தாளிச்ச கரண்டியும் கடைசியில். ஒரு போணித் தண்ணீரில் முதல் அலசு, இன்னொரு போணியில் இரண்டாம் அலசு. முதல் போணி கலங்கிப் போனதும் அது முருங்கை மூட்டுக்கு. இரண்டாம் போணி இப்போது முதல் போணியாகிவிடும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத கணக்கு. தாயிடம் மகள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மகன் கற்காமல் போனது, அந்த நேரத்தில் அவன் அங்கே இல்லை என்பதால்.

சாம்பலுக்கும் புளிக்கும் பின்னால் அசலான அறிவு இருக்கிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. ஈரம் பட்டதும் அது காரமாகி, பாத்திரத்தில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சோப்புப் போல அதைக் கழற்றிவிடும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம், பித்தளையிலும் செம்பிலும் படிந்த களிம்பைக் கரைக்கும். பாட்டிமார்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. எந்தப் பாத்திரத்துக்கு எது என்று தெரியும். பித்தளைக் குடத்தில் சாம்பலை மட்டும் போட்டுத் தேய்த்தால் நிறம் வராது, புளி வேண்டும். ஈயச் சட்டி என்று இந்தப் பக்கம் சொல்லும் அலுமினியப் பாத்திரத்தில் புளியைத் தேய்த்து ஊறவிடக் கூடாது, அரித்துவிடும். இதையெல்லாம் அறிவு என்று யாரும் கணக்கில் வைக்காததற்கு ஒரே காரணம், அது பெண்களின் கையில் இருந்தது.

அந்தக் கையையும் பார்க்க வேண்டும். எப்போதும் ஈரத்தில் ஊறும் விரல்களில் நகத்தடி வீங்கிச் சீழ் கோக்கும். நகச்சுற்று என்று சொல்வார்கள், எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொள்வார்கள். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரியும். மிளகாய்ப் பழம் பறிக்கும் காலத்தில் அந்த வெடிப்பில் காரம் ஏறினால் ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் காலையிலும் அதே கையால்தான் ஏனம் விளக்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரங்களின் வயிற்றில் பெயர் வெட்டியிருக்கும். குடத்தில் தாய்மாமன் பெயர், அண்டாவில் தகப்பன் பெயர், வாளியில் சித்தப்பா பெயர், தேதியோடு. சீர் செய்தவர்கள் பெயர்கள் அவை, பெரும்பாலும் ஆண்கள். முப்பது வருஷம் தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்துகளை மழுங்கடித்த கைக்கு அந்தப் பாத்திரத்தில் எங்கும் பெயர் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதற்கு அரசின் கணக்கே சாட்சி. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முதன்முறையாக நாடு முழுக்க 2019-இல் நடந்தது. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்கள் 289, ஆண்கள் 88. ஆண்களும் ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே என்று ஆறுதல்பட்டுவிடக் கூடாது. அந்தச் சராசரி, வீட்டு வேலை எதையாவது செய்த ஆண்களுக்குள் மட்டும் எடுத்தது. 2019-இல் அப்படி எதையாவது செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். நாலு ஆண்களில் மூன்று பேர் அன்றைக்கு ஒரு தம்ளரைக்கூட அலசவில்லை.

காட்டு வேலை செய்து களைத்து வருகிற ஆணிடம் ஏனம் விளக்கச் சொல்வது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. களைப்பு நிஜம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதே காட்டில் களை எடுத்தது யார்? உளுந்தும் பாசியும் பறித்தது யார், பருத்தி எடுத்தது யார்? தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்கள். கோவில்பட்டி சுற்றுவட்டாரத் தீப்பெட்டி ஆலைகள் பெண்களின் கையில்தான் ஓடுகின்றன. விடிகாலையில் ஊருக்குள் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வண்டி வருவதற்கு முன்னால் ஒரு முறை, வண்டி இறக்கிவிட்ட பின்னால் ஒரு முறை என்று அவர்கள் பாத்திரம் விளக்குகிறார்கள். களைப்பு இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்க, ஓய்வு மட்டும் ஒருவருக்கு என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

எச்சில் பாத்திரத்தை ராத்திரி போட்டு வைத்தால் வீட்டில் மூதேவி குடியேறுவாள் என்ற நம்பிக்கை இங்கே இன்னமும் உண்டு. போட்டு வைத்தால் கரப்பானும் எறும்பும் மேயும் என்பது உண்மை. ஆனால் அந்த நம்பிக்கையின் பாரம் முழுக்க ஒருத்தி தலையில்தான் இறங்குகிறது. எல்லோரும் படுத்த பிறகு அங்கணத்தில் கேட்கும் கடைசிச் சத்தம் அவள் ஏனம் கவிழ்க்கும் சத்தம்.

எச்சில் என்ற சொல்லை இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததும், தலித் மக்கள் தாங்கள் குடித்த குவளையைத் தாங்களே கழுவி வைக்க வேண்டியிருந்ததும் பழங்கதை ஆகிவிடவில்லை. பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி கிராமத்துப் பள்ளியில், தலித் பெண் ஒருவர் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடாமல் தடுத்தார்கள் பெற்றோர். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. யார் சமைத்ததை யார் சாப்பிடலாம், யார் எச்சிலை யார் தொட வேண்டும் என்ற கணக்கு தெருவில் சாதியாக நிற்கிறது. வீட்டுக்குள் வந்ததும் அது ஆண், பெண் என்று நிற்கிறது. சாப்பிட்ட தட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுகிற பிள்ளை, தன் எச்சிலைத் தொடுவதற்கென்று வேறு ஓர் ஆள் பிறந்திருக்கிறது என்பதை மூன்று வேளையும் பாடமாகப் படிக்கிறான். அந்தப் பாடம் வீட்டோடு நிற்காது. தெருவுக்கும் கூடவே போகும்.

ஆண்களால் முடியாது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ஓட்டல்களில் கூலிக்குப் பாத்திரம் தேய்ப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர்! கல்யாணச் சமையல்காரர் குழுவில் ஆள் உயர அண்டாவுக்குள் இறங்கித் தேய்ப்பது ஆண்தான். இந்தப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போன இளைஞர்கள் அறையில் முறை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். இன்றைக்கு ஒருவன் சமையல், இன்னொருவன் பாத்திரம். முறை தவறினால் அறையில் சண்டையே வரும். அப்படி இரண்டு வருஷம் துபாயில் ஏழு பேர் தட்டைக் கழுவியவர், விடுப்பில் ஊருக்கு வந்த அன்றைக்கே வட்டிலில் கை கழுவிவிட்டு எழுகிறார். அமிர்தசரஸ் பொற்கோவில் லங்கரில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். அந்தத் தட்டுகளைக் கழுவும் தொட்டிகளில் தலைப்பாகை கட்டிய ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள், சேவை என்று கேட்டு வாங்கிச் செய்கிறார்கள். கூலி கிடைத்தாலும் புண்ணியம் கிடைத்தாலும் கூசாத கை, பெற்ற தாய்க்கும் கட்டிய மனைவிக்கும் கூசுகிறது.

மெஷின் வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண் 1886-இல் காப்புரிமை வாங்கினார். நூற்று நாற்பது வருஷம் ஆகப்போகிறது. வசதி உள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் அதற்குக் குழாயில் நிற்காத தண்ணீர் வேண்டும், உப்புத் தண்ணியாக இருந்தால் தனி உப்புப் போட வேண்டும், அடிப்பிடித்த சட்டியைக் கையால் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். அடுக்கவும் எடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாடு இந்த உழைப்பைப் பெயரளவிலாவது ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது சின்ன விஷயம் இல்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணவன் சேர்த்த சொத்தில் பங்களிப்புதான், அதில் அவருக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பு எழுதினார். அரசும் நீதிமன்றமும் இந்த உழைப்பை உழைப்பென்று ஒப்புக்கொண்டாயிற்று. ராத்திரி எட்டு மணிக்கு யார் எழுந்து அங்கணத்துக்குப் போவது என்பதை அரசாணை போட்டு மாற்ற முடியாது.

ஆகவே வீட்டில் தொடங்க வேண்டும். பையனுக்கு எட்டு வயது இருக்கும்போதே தொடங்க வேண்டும். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவி வைப்பது முதல் படி. பல வீடுகளில் அதோடு நிறுத்திக்கொண்டு, "எங்க வீட்டுல பையனும் செய்வான்" என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தட்டு அரை நிமிடம். வேலை முழுக்க இருப்பது அடிப்பிடித்த சட்டியில்: பால் பொங்கிக் கருகிய பாத்திரம், கருவாட்டுக் குழம்பு காய்ந்த மண்சட்டி, எண்ணெய் ஏறிய வடைச்சட்டி. அவை யார் தட்டும் இல்லை. எல்லோருடைய சோறும் அவற்றில்தான் வெந்தது. அந்தச் சட்டியை முறை வைத்து விளக்குகிற வீட்டில்தான் பங்கு உண்மையாகப் பிரிந்திருக்கிறது. அப்பா ஒரு நாள், மகன் ஒரு நாள், மகள் ஒரு நாள், அம்மா ஒரு நாள். திருப்பூர் அறையில் நடக்கிற அதே முறைதான். பிறந்த வீட்டிலும் நடக்கும்.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கேரளத்தில் 2024-இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அப்பா அடுக்களையில் தேங்காய் துருவும் படம் போட்டார்கள். நம் பள்ளியில் படத்துக்கும் அவசியமில்லை, குழாயடியே இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தை ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்து, தங்கள் மகன் தட்டைக் கழுவுவதை ஆச்சிமார்களும் அப்பாமார்களும் பார்க்கட்டும் என்று தலைமையாசிரியர்கள் யோசிக்கலாம்.

மாற்றம் வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். தீப்பெட்டி ஆலைக்கு மனைவி விடிகாலையில் கிளம்பிவிடும் வீடுகள் சிலவற்றில் காலை ஏனத்தைக் கணவன்தான் விளக்குகிறார். புறவாசல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே சத்தம் வராமல் தேய்க்கிறார். பக்கத்து வீட்டு மதினி குரல் கேட்டால் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறார். அந்தக் கதவை அவர் சாத்தத் தேவையில்லை. மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் போணி எது, இரண்டாம் போணி எது என்று காட்டிக்கொடுக்கலாம். சாயங்காலம் ஆலை வண்டியிலிருந்து இறங்கி வருகிறவள் புறவாசலில் ஏனமெல்லாம் கவிழ்ந்து காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நேராக உலை வைக்கப் போகலாம். அல்லது கொஞ்ச நேரம் திண்ணையில் காலை நீட்டி உட்காரலாம்.